அறுபடாத இழை

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மனிதர்கள் தங்கள் செயலுக்குச் சொல்லிக்கொள்ளும் காரணங்களை அவன் மிக அருகிலிருந்து கேட்க முடியும். இத்தனை ஆண்டுகள் எழுதியதில் நான் தெரிந்துகொண்டது ஒன்று. தகாத காரியம் செய்கிற எந்தப் பாத்திரமும், 'நான் தகாததைச் செய்யப் போகிறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் வாசகர்கள் நம்புவதும் இல்லை. தம்பியின் பங்கைச் சேர்த்துக்கொள்கிற அண்ணனும், பெண்ணின் படிப்பைப் பாதியில் நிறுத்துகிற தகப்பனும், வயதான தாயை எங்கோ கொண்டுபோய் விட்டுவிடுகிற மகனும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "வேறு வழியில்லை!"

அந்த வாக்கியம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பல சமயங்களில் அது முழு உண்மை. உண்மையாக இருப்பதனால்தான் அதில் அபாயமும் இருக்கிறது. ஒரு காலத்தில் உண்மையாக இருந்த வாக்கியம், அந்தக் காலம் போன பின்பும் நாவிலே தங்கிவிடுகிறது. கதவு திறந்த பிறகும், வழியில்லை என்றே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நேற்றைய நிர்ப்பந்தம் இன்று பழக்கமாகி, நாளை மரபு என்ற பெயரில் மாலை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

இதைப் பற்றி யோசிக்க விரும்புகிறவர்களுக்குப் பட்டுப்புழுவைப் போல் உதவுகிற பிராணி வேறில்லை.

அதன் வாழ்க்கை மிகச் சுருக்கமானது. முட்டையிலிருந்து வரும்போது ஒரு சிற்றெறும்பின் அளவுதான் இருக்கும். மல்பெரி இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, 25 நாட்களுக்குச் சற்று அதிகமான காலத்துக்குள் பிறந்தபோது இருந்த எடையைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்காக வளர்ந்துவிடுகிறது. பிறகு திடீரென்று தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குகிறது. 8 என்று எழுதுவது போல் தலையை ஆட்டி ஆட்டி, இரண்டு மூன்று நாட்கள் ஓயாமல் நூலை விட்டு, தன்னைச் சுற்றி ஒரு வீடு கட்டிக்கொள்கிறது. அந்த வீடு முழுவதும் ஒரே இழை. பிரித்தெடுத்தால் ஏறத்தாழ 1000 மீட்டர் வரும். உள்ளே இருப்பது கூட்டுப்புழுவாகி, பத்துப் பன்னிரண்டு நாட்களில் சிறகு முளைத்த பூச்சியாகிறது. அப்போது அது ஒரு நீரைச் சுரந்து, கூட்டின் ஒரு முனையை இளக்கி, இழைகளை விலக்கிக்கொண்டு வெளியே வருகிறது.

அந்தத் துவாரம்தான் விவகாரம். துவாரம் விழுந்த கூட்டிலிருந்து இழையை ஒரே நீளமாக இழுக்க முடியாது. துண்டு துண்டாக வருவதைப் பஞ்சைப் போல் நூற்கத்தான் முடியும். அதில் அந்தப் பளபளப்பும் வழவழப்பும் இராது. ஆகையால், பூச்சி வெளிவருவதற்கு முன்பே கூட்டை ஆவியிலோ சூடான காற்றிலோ வைத்து, உள்ளே இருப்பதைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு கிலோ பட்டு நூலுக்கு 4000, 5000 கூடுகளாவது வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூச்சி பறந்துபோன வீட்டிலும் பட்டு அப்படியேதான் இருக்கிறது. அப்படியானால் நாம் கொல்வது பட்டுக்காகக்கூட இல்லை, அதன் நீளத்துக்காக. இழை அறுபடக் கூடாது என்பதற்காக உயிர் அறுபடுகிறது. சீனத்தில் இந்தத் தொழில் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 5000 ஆண்டுகளாக இதற்கு நாம் சொல்லி வந்திருக்கும் பதில் அந்தப் பழைய வாக்கியம்தான். நீண்ட இழை வேண்டுமானால் வேறு வழியில்லை.

நம் ஊரில் இதில் ஒரு விசித்திரமும் சேர்ந்திருக்கிறது. புலால் என்ற சொல்லைக் காதில் வாங்கவே கூசுகிற ஆசாரமான வீடுகளில், பூஜைக்கு உட்காரும்போது மடி என்று பட்டைத்தான் உடுத்துகிறார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பது மிகச் சுலபம். நான் சிரிக்கவில்லை. கண்ணெதிரே நடக்காத காரியத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பது எல்லா வீடுகளிலும், எல்லா மதங்களிலும், எல்லாத் தேசங்களிலும் உள்ள மனித சுபாவம். பட்டுச் சேலையின் மடிப்பில் ரத்தக் கறை இல்லை. கறை இல்லாத இடத்தில் மனம் கணக்குக் கேட்பதில்லை.

இது பழைய விஷயம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புதிதாக எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தக் கால் நூற்றாண்டில் பட்டு வேறொரு பிறவி எடுத்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே டேவிட் காப்லான், ஃபியோரென்சோ ஒமெனெட்டோ என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய சகாக்களும் பட்டை உடுத்தும் பொருளாகப் பார்க்காமல், புரதமாகப் பார்த்தார்கள். பட்டிழை இரண்டு பொருள்களால் ஆனது. நடுவில் ஃபைப்ராயின் என்ற உறுதியான புரதம். அதைச் சுற்றிப் பசை போல் செரிசின் என்ற மற்றொரு புரதம். கூட்டின் எடையில் கால் பங்கு போல இந்தப் பசை. ஃபைப்ராயினின் உடலில் கிளைசின், அலனின் என்ற இரண்டு சிறிய அமினோ அமிலங்கள் ஜபமாலையின் மணிகளைப் போல் மாறி மாறித் திரும்பத் திரும்ப வருகின்றன. சிறிய மணிகளாகையால் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து, அடுக்கடுக்காகப் பூட்டிக்கொள்கின்றன. மெல்லிய இழைக்கு அவ்வளவு உறுதி வந்தது இப்படித்தான். புழுவின் வயிற்றில் கெட்டியான கரைசலாக இருப்பது, அது தலையை ஆட்டி இழுக்கிற இழுப்பில் நூலாகிவிடுகிறது. உலை இல்லை, புகை இல்லை. இலையும் நீரும்தான் மூலதனம்.

விஞ்ஞானிகள் செய்தது இதற்கு நேர்மாறு. நூலை மறுபடியும் கரைசலாக்கினார்கள். கூட்டைச் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் வேக வைத்துப் பசையை நீக்கி, மிஞ்சிய பட்டை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலில் கரைத்து, பிறகு அந்த உப்பையும் பிரித்து எடுத்துவிட்டால், தண்ணீரில் கலந்த பட்டு கிடைக்கிறது. அதைக் கண்ணாடி போன்ற தகடாக வார்க்கலாம். கடற்பஞ்சு போல் ஆக்கலாம். பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேலாடையாகப் பூசலாம். உடம்புக்குள் வைத்தால் நாளடைவில் கரைந்துபோகும், மண்ணில் போட்டால் மக்கிப்போகும், தின்றாலும் தீங்கில்லை.

இதனால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

2012-ஆம் ஆண்டில் அந்தக் குழுவினர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தட்டம்மை முதலான மூன்று நோய்களுக்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்தைப் பட்டுத் தகட்டுக்குள் பொதிந்து, 45 டிகிரி வெப்பத்தில் ஆறு மாதம் வைத்திருந்தார்கள். அதன் வீரியத்தில் 85 சதவிகிதம் அப்படியே இருந்தது. மின்சாரமும் குளிர்பதனப் பெட்டியும் எட்டாத ஊர்களில், வண்டியில் வரும் வழியிலேயே மருந்து கெட்டுப்போய் விடுகிற இடங்களில், இதற்கு என்ன பொருள் என்று ஒரு தாய்க்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஒரு வேடிக்கை. பட்டைச் சேர்த்து ஏதாவது சமைக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு போட்டி வைத்தார்களாம். பெனெடெட்டோ மாரெல்லி என்ற ஆராய்ச்சியாளர் ஸ்ட்ராபெரிப் பழங்களைப் பட்டுக் கரைசலில் தோய்த்துப் பார்த்துவிட்டு, மேஜையிலேயே மறந்துபோனார். சில நாள் கழித்துப் பார்த்தால், சில பழங்கள் அழுகியிருந்தன; சில புதிது போல் இருந்தன. பட்டு ஒழுங்காகப் படிந்த பழம் கெடவில்லை. 2016-இல் இது முறையான ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. விளைந்ததெல்லாம் சந்தைக்கு வருவதற்குள் பாதி அழுகிப்போகிற தேசங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, 2022-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அதே மாரெல்லி முதலானோர் செய்தது. பயிர் மருந்துகளையும் மற்றப் பொருள்களையும் நுண்ணிய பிளாஸ்டிக் உறைகளில் பொதிந்து விற்கிறார்கள். உறைகள் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுகின்றன. அந்த உறையைப் பட்டினால் செய்து காட்டினார்கள்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, பட்டை 'தீங்கற்ற பொருள்' என்று உலகம் புகழுகிறது. அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. யாருக்குத் தீங்கற்றது? குழந்தைக்கு, பழத்துக்கு, மண்ணுக்கு, கடலுக்கு. சரி. கூட்டுக்குள் வெந்துபோனது ஒன்று உண்டே, அதன் பெயர் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை?

உடனே ஒரு பதில் வரும். "ஒரு குழந்தையின் உயிரைக் காட்டிலும் ஒரு புழுவின் உயிர் பெரிதா?" இந்தக் கேள்விக்கு நான் மழுப்பப் போவதில்லை. இரண்டில் ஒன்றுதான் என்றால், நான் குழந்தையின் பக்கம்தான் நிற்பேன். நின்றவன் இதற்கு முன்னும் உண்டு. 1865-இல் பிரான்சின் தெற்கே பட்டுப்புழுக்கள் கறுப்புப் புள்ளி விழுந்து கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, லூயி பாஸ்டரை அழைத்தார்கள். அவர் சில ஆண்டுகள் உழைத்து ஒரு வழி சொன்னார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார். நோயின் அணு தெரிந்தால் அந்த முட்டைகளை எரித்துவிடு. தொழில் பிழைத்தது. நோய் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் பரவுவது என்ற ஞானம் அவருக்குத் திடப்பட்டதில் இந்தப் புழுவுக்கும் பங்கு உண்டு. பின்னால் அந்த ஞானத்தினால் பிழைத்த மனிதக் குழந்தைகளை எண்ணி முடியாது. புழுவுக்கு மனித குலம் பட்டிருக்கிற கடன் சேலையோடு முடிந்துவிடவில்லை.

ஆனால், குழந்தையா புழுவா என்ற கேள்வி இங்கே உண்மையிலேயே எழுகிறதா? ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை என்ன தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்துக் கூட்டைத் துண்டு துண்டாக வெட்டுவது! ஆம், அந்த ஆயிரம் மீட்டர் இழையை அவர்கள் முதல் நிமிஷத்திலேயே நறுக்கிவிடுகிறார்கள். கரைக்கப் போகிற பொருளுக்கு நீளம் எதற்கு? 2022-இல் உறை செய்தவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்: இதற்கு நெசவுக்கு உதவுகிற உயர்ந்த கூடுகள் தேவையில்லை, நெசவுக்கு ஆகாத கூடுகளே போதும் என்று. நெசவுக்கு ஆகாத கூடுகளில், பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறிய கூடும் ஒன்று.

5000 ஆண்டுகளாக ஒரு கொலைக்கு நாம் சொல்லி வந்த ஒரே காரணம், இந்தப் புதிய உபயோகத்தில் இல்லாமல் போய்விட்டது. நீளம் வேண்டியதில்லை. ஆகவே மருந்தைப் பொதிகிற பட்டுக்காகவும், பழத்தில் பூசுகிற பட்டுக்காகவும் பூச்சியைக் கொன்றாக வேண்டிய கட்டாயம் கிடையாது. இதற்குப் பிறகும் கொல்வதென்றால், காரணம் வழக்கம் ஒன்றுதான். சந்தையில் கூடுகள் ஏற்கெனவே அவித்து உலர்த்தித்தான் வருகின்றன, அவ்வளவுதான்.

இதை எழுதும்போதே, எதிர்த் தரப்பு வக்கீலும் என்னுள் எழுந்து நிற்கிறான். கதை எழுதுகிறவனுக்கு அவன் இல்லாமல் தீராது.

அவன் கேட்கிறான்: "பூச்சியை விட்டுவிட்டால் மட்டும் என்ன வாழ்ந்துவிடும்? ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் வளர்த்ததில் அதற்குப் பறக்கத் தெரியாமல் போய்விட்டது. தின்பதற்கு வாயும் இல்லை. இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில நாட்களில் செத்துப்போகும். அந்தச் சில நாட்களுக்காகவா இத்தனை வாதம்?"

சில நாட்கள் என்பது நம் கடிகாரத்தின் கணக்கு. தன் வாழ்க்கை முழுவதும் அது எதற்காகத் தின்று, எதற்காக நூற்றதோ, அந்தக் காரியம் நடக்கிற நாட்கள் அவைதான். எண்பது வயது மனிதனிடம், 'இனி உனக்குச் சில நாட்கள்தானே?' என்று சொல்லிப் பறித்துக்கொள்ளலாமா? புழுவும் மனிதனும் சமம் என்று இதற்கு அர்த்தமில்லை. மிச்சம் குறைவு என்பது எடுத்துக்கொள்ள உரிமை ஆகாது என்பதுதான் அர்த்தம்.

வக்கீல் விடவில்லை. "ஐதராபாத்தில் குசுமா ராஜையா என்பவர் பூச்சியைக் கொல்லாமல் பட்டு எடுத்து, அதற்கு அகிம்சைப் பட்டு என்று பெயரும் வைத்தார். நல்லது. ஆனால் ஒரு பெண் பூச்சி 300, 400 முட்டைகள் இடுமே! எல்லாப் பூச்சிகளையும் விட்டால், பிறக்கிற அத்தனை புழுக்களுக்கும் இலைக்கு எங்கே போவாய்? இந்தத் தலைமுறையை வாழவிட்டு, அடுத்த தலைமுறையைப் பட்டினி போடுவதுதான் அகிம்சையா?"

இது பலமான அடி. இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. முட்டைகளைப் பொரிக்க விடாமல் தடுக்கலாம். முட்டைக்கும் புழுவுக்கும் வித்தியாசம் உண்டு என்று வாதிக்கலாம். எப்படிச் சொன்னாலும், மனிதன் தன் தேவைக்காக ஓர் உயிரைப் பெருக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவன் கை சுத்தமாக இருக்க முடியாது என்பது தெளிவு. அஸ்ஸாமில் எரிப்பட்டு என்று ஒன்று உண்டு. அதன் கூடு ஒரு பக்கம் திறந்தே இருக்கிறது. பூச்சி தானாக வெளியேறலாம். அதையும் அகிம்சைப் பட்டு என்கிறார்கள். அந்த ஊரிலேயே எரிப்புழுவை விரும்பிச் சமைத்து உண்கிறவர்களும் இருக்கிறார்கள். பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். உண்கிறவர்களைக் குறை சொல்ல அல்ல. மறைக்காமல் உண்கிறவன், பார்க்காமல் உடுத்துகிறவனைவிட நேர்மையில் குறைந்தவன் அல்லன்.

"சரி, பட்டே வேண்டாம். செயற்கை நூல் இருக்கிறதே?" என்று மூன்றாவது குரல் ஒன்று கேட்கும். 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டுபிடித்தார். 1940-இல் பெண்களின் காலுறைகளில் அது பட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு புழுவும் சாகவில்லை. ஆனால் நைலான் சாகாத பொருள். கடலில் அறுந்துபோன நைலான் வலைகள், பிடிக்கிற மீனவன் கரைக்குப் போன பின்பும் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. பட்டு கொல்வது ஒரு முறை, எண்ணிச் சொல்லிவிடலாம். நைலான் கொல்வதை எண்ணுகிறவர் யாருமில்லை. எண்ணப்படாத சாவு நிகழாத சாவு ஆகிவிடாது.

ஜப்பானில் ஸ்பைபர், ஜெர்மனியில் ஏ.எம். சில்க் போன்ற நிறுவனங்கள், பட்டுப் புரதங்களை ஒத்தவற்றை நுண்ணுயிர்களைக் கொண்டு தொட்டிகளில் புளிக்க வைத்துத் தயாரிக்கின்றன. புழுவே இல்லாத பட்டு! அந்தத் தொட்டிக்கும் சர்க்கரை வேண்டும், சர்க்கரைக்கு நிலம் வேண்டும், தொழிற்சாலைக்கு எரிபொருள் வேண்டும். அதுவும் கடனில்லாத வழி அல்ல. ஆனாலும் ஒரு வழி. வழியே இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு, பட்டுச் சேலைகளையெல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்துங்கள் என்று நான் சொல்லப் போகிறேனா? இல்லை. கர்நாடகத்தில் ராமநகரத்திலும், நம் தர்மபுரியிலும் கூட்டுச் சந்தையில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, இன்று என்ன விலை போகுமோ என்று காத்திருக்கிற விவசாயியை எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு முதுகு வளைந்தவர்களையும் தெரியும். துளைத்த கூட்டுக்குச் சந்தையில் அடிமாட்டு விலைதான். 'பூச்சியை விட்டுவிடு' என்று அந்த விவசாயிக்கு உபதேசம் செய்துவிட்டு, அதனால் வருகிற நஷ்டத்தையும் அவன் தலையிலேயே கட்டுகிற கருணை எனக்கு உவப்பானதல்ல. கருணைக்கு விலை உண்டு. அதை உபதேசிக்கிறவன் கொடுக்க வேண்டும். துளைத்த கூட்டுக்கு நல்ல விலை கொடுக்க ஒருவன் வந்தால், விவசாயியே கதவைத் திறந்துவிடுவான். அப்படி வந்து வாங்கக்கூடியவர்கள் இப்போதுதான் உலகத்தில் தோன்றியிருக்கிறார்கள். பட்டைக் கரைத்து மருந்தும் உறையும் செய்கிறவர்கள்தாம் அவர்கள். அறுந்த இழைக்கு மதிப்புக் கொடுக்கிற முதல் பெரிய வாடிக்கைக்காரர்களாக அவர்களால் ஆக முடியும்.

ஆகவே அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய தியாகமொன்றுமல்ல. கணக்கு எழுதும்போது ஒரு பத்தியை விட்டுவிடாதீர்கள் என்பதுதான். இத்தனை பழம் அழுகாமல் தப்பியது, இத்தனை பிளாஸ்டிக் மிச்சமாயிற்று, இத்தனை மருந்து கெடாமல் போய்ச் சேர்ந்தது என்று எழுதுகிற அதே ஏட்டில், இதற்காக இத்தனை உயிர் போயிற்று, அவற்றில் இத்தனை போகாமல் இருந்திருக்கலாம் என்றும் எழுதட்டும். எழுதினால் கை தானாகவே கொஞ்சம் தயங்கும். உலகத்தில் பல கொடுமைகள் குறைந்தது அந்தத் தயக்கத்தினால்தான்.

'வேறு வழியில்லை' என்பது தலைமுறை தலைமுறையாகச் செல்லும் பட்டயம் அல்ல. அதற்குத் தவணை உண்டு. அறிவு ஓர் அடி முன்னால் வைக்கும்போதெல்லாம், அந்த வாக்கியத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, இன்னும் அது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். புழு விஷயத்தில் பார்க்கப் பழகினால், நம் வீட்டில் அதே வாக்கியத்தைச் சொல்லிப் படிப்பை நிறுத்திவிட்ட பெண்ணின் விஷயத்திலும், ஊருக்கு அனுப்பிவிட்ட தாயின் விஷயத்திலும் பார்க்கத் துணிவு வரலாம்.

ஆய்வுக்கூடத்தில் கத்தரிக்கோல் கூட்டை வெட்டுகிறது. உள்ளே உலர்ந்து கிடக்கும் புழுவை எடுத்து அப்பால் போட்டுவிட்டு, வெறும் கூட்டைப் பாத்திரத்தில் இடுகிறார்கள். அந்தக் கூடு முதலிலேயே வெறுமையாக வந்திருந்தாலும் பாத்திரத்தில் கரைந்திருக்கும்.